காய்ச்சலோடு மழையில் மலையேறினேன், செய்தது சரியா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 34. தினமும் நடப்பேன், வருடத்துக்கு நாலைந்து முறை மலையேற்றம் போவேன். பதினாறு நாளுக்கு முன் எட்டுப் பேராக ஒரு மலைக்குப் போனோம். அடிவாரம் 1,500 மீட்டர், உச்சி 2,700 மீட்டர். ஆறு மாதமாகத் திட்டம் போட்ட பயணம். முந்தைய ராத்திரியே எனக்குத் தொண்டை வலி, உடம்பு வலி. காலையில் காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். என்னால் எல்லாருடைய பயணமும் கெட வேண்டாம் என்றுதான்.

இரண்டு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை, ஒரு முறை ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்தேன். ஆனாலும் உச்சியைத் தொட்டுவிட்டேன். இறங்கும்போது மழை நின்று காற்று மட்டும் அடித்தது. உடம்பெல்லாம் உதறியது, ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுக்கக்கூட விரல் வரவில்லை. அப்புறம் நடுக்கம் தானாக நின்றது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்று முறை விழுந்தேன். நான் பேசியது ஒன்றும் புரியவில்லை என்று தோழி சொல்கிறாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அவள்தான் என்னை ஒரு பாறை மறைவில் உட்காரவைத்து, ஈரத்துணியை மாற்றி, தூங்கும் பைக்குள் போட்டுச் சூடாக இனிப்புப் பானம் கொடுத்தாள்.

இப்போது காய்ச்சல் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சில நேரம் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு மலைக்குப் பதிவு செய்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் என் மன உறுதியைப் பாராட்டுகிறார்கள், கணவர் மட்டும் கோபமாக இருக்கிறார். நான் செய்தது சரியா? அடுத்த மாதம் போகலாமா? உடம்பு சரியில்லாதபோது எந்த நிலையில் போகலாம், எப்போது போகக் கூடாது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மலையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று, அதைப் பார்ப்போம். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். காய்ச்சலோடு மலையேறியதை மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். அதுவரை நடைப்பயிற்சி, ஓட்டம், உடற்பயிற்சிக்கூடம் எதுவும் வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வாரம் முடியக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வைரஸ் காய்ச்சல் வந்து போனபின் இரண்டு மூன்று வாரம் உடம்பு அசதியாக இருப்பது சாதாரணம். உங்களுக்கும் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் சளிக்காய்ச்சல் தரும் சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அந்த நேரத்தில் உடம்பைக் கடுமையாக வருத்தினால் பாதிப்பு கூடும் என்பது பல காலமாகவே மருத்துவர்களின் கவலை. காக்ஸாக்கி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயப்படுத்தி நீந்தவைத்த ஒரு சோதனை 1970இல் வெளியானது. சும்மா விடப்பட்ட எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் அதிகமாகப் பெருகியிருந்தது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மயோகார்டைட்டிஸ் என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் உழைப்பு கூடாது என்று நாங்கள் சொல்வது இந்தக் கவலையால்தான். படபடப்பை "அசதிதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த மாதப் பயணத்துக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள். பரிசோதனை எல்லாம் சரியாக வந்தாலும் இந்த மலை வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என் கண்ணை விட்டுப் போகாதது அந்த ஜிப். உடம்பு குளிரும்போது கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இதயம், மூளை இருக்கும் நடுப்பகுதியைக் காப்பாற்றப் பார்க்கும். விரல் முதலில் விறைக்கும். ஜிப்பை இழுக்க, பொத்தான் போட, ஷூ கயிற்றை முடிய வராது. மலையில் யாருக்காவது ஜிப் போட வரவில்லை என்றால் அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் இன்னும் எல்லாமே கையில் இருக்கிறது. நின்று, காற்று படாமல் ஒதுங்கி, உலர்ந்த உடுப்பு மாற்றி, ஏதாவது சாப்பிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் வரிசையாக வரும். கால் இடறும், நாக்குக் குழறும், ஆள் சிடுசிடுப்பார் அல்லது பேசாமல் ஒடுங்கிவிடுவார். நீங்கள் அந்த வரிசை முழுவதையும் கடந்திருக்கிறீர்கள்.

நடுக்கம் தானாக நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்கள். இதைப் படிக்கும் எல்லாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நடுக்கம் என்பது தசைகள் தாமாக உதறிச் சூடு உண்டாக்கும் வேலை. ஓய்வில் உண்டாகும் சூட்டைப்போல நான்கைந்து மடங்குவரை அதனால் உண்டாக்க முடியும். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும், முக்கியமாகத் தசையிலும் ஈரலிலும் சேமித்துவைத்த சர்க்கரை. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், வாந்தியும் எடுத்து, மணிக்கணக்கில் ஏறிய உடம்பில் அது எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்? உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை ஹைப்போதெர்மியா என்கிறோம். இன்னும் இறங்கி 32க்குப் பக்கத்தில் வரும்போது நடுக்கம் மங்கி நிற்கத் தொடங்கும். களைப்பு மிகுந்தவர்களுக்கு அதற்கு முன்பேகூட நிற்கலாம். உங்கள் உள்வெப்பத்தை அன்று யாரும் அளக்கவில்லை, அதனால் எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சுக் குழறி, மூன்று முறை விழுந்து, நினைவு தப்பிய நேரத்தில் நடுக்கம் நிற்கிறது என்றால் அடுப்பில் விறகு தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பாறை மறைவில் உங்கள் தோழி நிறுத்தியிராவிட்டால் இந்தக் கடிதம் வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

"அன்று அவ்வளவு குளிரே இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றலாம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் காலையில் 17 டிகிரி இருந்தது என்று வைத்துக்கொண்டால் உங்கள் உச்சியில் சுமார் 9 டிகிரி. பனியும் இல்லை, உறைநிலையும் இல்லை. ஆனால் ஆள் விறைத்துப்போக உறைபனி தேவையில்லை. ஈரமும் காற்றும் போதும். நனைந்த சட்டை, பேன்ட் சேர்ந்து அரை லிட்டர் தண்ணீரைச் சுலபமாகப் பிடித்துவைத்திருக்கும். அந்த அரை லிட்டரும் ஆவியாக ஏறக்குறைய 290 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு மணி நேரம் சமதளத்தில் நடக்கச் செலவாகும் கலோரியைவிட அது அதிகம். அந்த வெப்பத்தில் பெரும்பங்கு உங்கள் தோலிலிருந்துதான் போகிறது. மழை நின்று காற்று மட்டும் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். "அப்பாடா, மழை விட்டது" என்று எல்லாரும் ஆசுவாசப்படும் அந்த நேரம்தான் நனைந்த ஆளுக்கு மோசமான நேரம்.

1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஃபோர் இன்ஸ் என்ற நெடுந்தூர நடைப் போட்டி நடந்தது. மழையிலும் காற்றிலும் மாட்டிக்கொண்ட மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் வல்லுநராகப் போன கிரிஃபித் பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டிய விஷயம் எளிமையானது. நனைந்த உடுப்பு காற்றில் தன் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆனாலும் ஆரோக்கியமான ஆள் வேகமாக நடந்துகொண்டே இருந்தால், இழக்கும் சூட்டைத் தசைகள் ஈடுகட்டிவிடும். களைத்துப்போய் நடை தளர்ந்ததும் கணக்கு கவிழும். சூடு உண்டாவது குறையும், இழப்பு மட்டும் அப்படியே தொடரும். அதன்பின் சரிவு மிக வேகமாக இருக்கும்.

இது ஒன்றும் பழங்கதை இல்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டி நடந்தபோது திடீரென மழையும் ஆலங்கட்டியும் புயல்காற்றும் வந்தன. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாகப் பலர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை.

உங்களுக்கு இருந்தது. ஈரமான மலையில் ஒருவரைக் காப்பாற்றுவது தளராத நடை என்றால், நோய் முதலில் பறிப்பது அதைத்தான். காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினால் ஓய்விலேயே உடம்பின் எரிபொருள் செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடும். நாடித்துடிப்பும் நிமிடத்துக்குப் பத்துபோல ஏறும். மற்றவர்கள் அடிவாரத்தில் முழு டாங்கோடு கிளம்பினார்கள் என்றால், நீங்கள் ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டுப் பாதி டாங்கோடு கிளம்பியிருக்கிறீர்கள். வாந்தியால் தண்ணீரும் உப்பும் போயின. குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும், அதனால் நீரிழப்பு இன்னும் கூடியிருக்கும்.

அந்த பாராசிட்டமாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அதைக் காலையில் போட்டுக்கொண்டு "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று கிளம்புகிறார்கள். காய்ச்சல் என்பது மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தன் அளவை உயர்த்தி வைத்துக்கொள்வது. மாத்திரை அந்த அளவைத் தற்காலிகமாக இறக்குகிறது. உடனே உடம்பு தன்னிடம் உள்ள அதிகச் சூட்டை வெளியே தள்ளுகிறது. தோலில் ரத்தம் பாயும், வியர்த்துக் கொட்டும். வீட்டில் போர்வைக்குள் படுத்திருக்கும்போது அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மலைச்சரிவில் மழை தொடங்கும் நேரத்தில் தோல் விரிந்து, உள்ளாடை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். நான்கைந்து மணி நேரத்தில் மருந்து இறங்கிக் காய்ச்சல் மறுபடி ஏறும்போது குளிர் நடுக்கம் வரும். அது காய்ச்சல் நடுக்கமா, மழைக் குளிர் நடுக்கமா என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் நடப்பவருக்கும் தெரியாது. நோய் அப்படியேதான் இருந்தது, மாத்திரை அதன் அடையாளத்தை மட்டும் மறைத்தது. ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இன்னும் ஒரு படி மோசம். தண்ணீர் குறைந்த உடம்பில், கடும் உழைப்பின்போது அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சளிக்குப் போடும் சில மாத்திரைகளில் தூக்கமும் வரும், சறுக்கும் பாறையில் இறங்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

சரி, நீங்கள் செய்தது சரியா? சரியில்லை. ஆனால் கிளம்பியதைவிடப் பெரிய தவறு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது.

ஏன் என்றால், உடம்பு குளிர்ந்து களைக்கும்போது விரலுக்கு அடுத்தபடியாக மங்குவது நிதானம். "திரும்பிப் போகலாமா?" என்ற கேள்விக்கு எந்த மூளை பதில் சொல்ல வேண்டுமோ, அதே மூளைதான் குளிரில் மந்தமாகிறது. அதனால் "முடியாமல் போனால் திரும்பிவிடுவேன்" என்று மனதுக்குள் போட்டுக்கொள்ளும் திட்டம் பலிக்காது. முடியாமல் போகும் அந்த நேரத்தில் உங்களுக்கு அது தெரியாது. நடுக்கம் நின்றதைக் குணமாக எடுத்துக்கொண்டீர்களே, அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அன்று உங்கள் தீர்ப்பு உங்கள் கையில் இல்லை. உங்களுக்காகத் தீர்ப்பெடுக்க ஏழு பேர் கூடவே நடந்தார்கள். ஆனால் ஏழு பேருக்கும் உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரியாது. தெரிந்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே யாராவது உங்கள் நடையைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்ததும் பின்னாலேயே வந்திருப்பார்கள்.

இதை நான் என் அனுபவத்தில்தான் கற்றேன். பல வருடம் முன்பு ஒரு குழுவோடு மருத்துவராகப் போயிருந்தேன். காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இருக்கோம்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. மதியம் மழையில் ஓர் இளைஞர் பாதை ஓரம் உட்கார்ந்துவிட்டார். முந்தைய ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்காம். காலையில் கேட்டேனே என்றேன். "எல்லாரும் இருக்கும்போது எப்படிச் சொல்றது டாக்டர்?" என்றார். அவரை இறக்கிக் கொண்டுவர நாலு பேருக்கு ராத்திரி பத்து மணி ஆனது. தவறு என்னுடையது. கூட்டத்தில் கேட்டால் கூட்டத்துக்கு ஏற்ற பதில்தான் வரும். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். ராத்திரி தூங்கினாயா, காலையில் என்ன சாப்பிட்டாய், கடைசியாக எப்போது சிறுநீர் போனாய், ஏதாவது மாத்திரை போட்டிருக்கிறாயா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். குழுவை அழைத்துப் போகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழியைப் பற்றி. அவர் செய்தது அத்தனையும் சரி. காற்றை மறைத்தார், ஈரத்தை மாற்றினார், சூட்டை உள்ளே அடைத்தார், சர்க்கரை கொடுத்தார். நடக்கவைத்தால் சூடாகிவிடும் என்று இழுத்துக்கொண்டு போகவில்லை. அப்படிச் செய்வது ஆபத்து. குளிர்ந்து கிடக்கும் கைகால்களின் ரத்தம் ஒரேயடியாக உள்ளே திரும்பினால் உள்வெப்பம் இன்னும் இறங்கும். அதனால்தான் குறைந்தது அரை மணி நேரம் உட்காரவைத்து, சாப்பிடவைத்து, தெளிந்தபின் மெல்ல நடத்த வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. கைகாலைத் தேய்த்துவிடக் கூடாது, மது கொடுக்கவே கூடாது. மாற்றுத்துணியும் மறைவும் இல்லாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றாமல், அதன்மேலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதற்குமேல் கம்பளியோ தூங்கும் பையோ போடலாம். அடியில் முதுகுப்பை, பாய் என்று எதையாவது விரிக்க மறக்கக் கூடாது, ஈரத்தரை உட்கார்ந்தவரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆள் அரைமயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அசைக்காமல், குலுக்காமல், படுத்த நிலையிலேயே வைத்து மீட்புக்குழுவை அழையுங்கள். அந்த அளவு குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலில்கூடத் தாளம் தப்பும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எந்த நிலையில் போகலாம் என்பது. உடற்பயிற்சி செய்பவர்களிடையே ஒரு கழுத்துக் கணக்கு உண்டு. தொந்தரவு கழுத்துக்கு மேலே, மூக்கொழுகல், தும்மல் மட்டும் என்றால் லேசாகப் பயிற்சி செய்யலாம். கழுத்துக்குக் கீழே, நெஞ்சுச்சளி, உடம்பு வலி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்றால் கூடாது. வீட்டுப் பக்கத்தில் ஓடுகிறவருக்கு அது சரி. முடியவில்லை என்றால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். உச்சியில் நிற்கும்போது உடம்பு "போதும்" என்றால் இன்னும் பாதித் தூரம் பாக்கி. அதுவும் இறங்குகிற பாதி. களைத்த தொடை, ஈரப்பாறை, மங்கும் வெளிச்சம் எல்லாம் அந்தப் பாதியில்தான் சேர்கின்றன, பெரும்பாலான விழுதல்களும் அங்கேதான். அதனால் மலைக்கு நான் இன்னும் கறாராகச் சொல்வேன். கடந்த 24 மணி நேரத்தில், மாத்திரை போடாத நிலையில், காய்ச்சல் இருந்ததா? போகாதீர்கள். வாந்தியோ பேதியோ இருந்ததா? போகாதீர்கள். மூக்கொழுகல் மட்டும்தான், ஆனால் மழை வரும் என்கிறார்கள், பாதையும் நீளம் என்றால், அன்று பாதியில் திரும்பும்படி ஒரு குட்டைப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகமாக இருந்தால் காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் உடம்பு ஏதோ ஒன்றோடு போராடிக்கொண்டிருக்கிறது. வழக்கமான எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால்தான் இது உதவும், அதனால் நன்றாக இருக்கும் நாட்களில் எண்ணிக் குறித்துவையுங்கள்.

பாதி வழியில் உடம்பு கெட்டால்? உடனே சொல்லி, ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இறங்குவதுதான் ஒரே வழி. தனியாக இறங்கக் கூடாது. "நீ இந்த மரத்தடியில் உட்கார், நாங்கள் உச்சிக்குப் போய்விட்டு வந்து கூட்டிப் போகிறோம்" என்று குழுக்கள் அன்போடுதான் சொல்கின்றன, ஆனால் அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. நடக்கும் உடம்பு உண்டாக்கும் சூட்டை உட்கார்ந்த உடம்பு உண்டாக்காது. நனைந்த, நோயுற்ற ஆள் இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்தால் அவர்கள் திரும்பி வரும்போது அவரால் எழுந்திருக்க முடியாது. இன்னொன்று, 2,500 மீட்டருக்கு மேல் ராத்திரி தங்கும் பயணங்களில் தலைவலி, குமட்டல், அசதி வந்தால் "சளிக்காய்ச்சல்தான்" என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யக் கூடாது. உயரத்தால் வரும் நோயும் அப்படியேதான் தொடங்கும். வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.

கணவரின் கோபத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மலை பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் காய்ச்சல் இருந்தது என்பது அவருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் அவர் கோபப்படுவது மலையின் மேல் இல்லை. அவரோடு உட்கார்ந்து, நினைவு தப்பிய அந்த ஒரு மணி நேரம் உட்பட முழுக்கதையையும் சொல்லுங்கள். மன உறுதி என்று பாராட்டும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். உங்களுக்கு மன உறுதி உண்டு, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று காலை உங்களை எழுப்பி நடக்கவைத்தது, எட்டுப் பேர் பயணம் என்னால் கெட்டுவிடுமோ என்ற தயக்கம். நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் அந்தப் பயணம் எட்டுப் பேருக்கும் என்ன ஆனது என்று தோழியிடம் கேட்டுப் பாருங்கள். பாராட்டு இப்படியே தொடர்ந்தால், அடுத்த முறை குழுவில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் உங்களைப் பார்த்து அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

அடுத்த மாதம் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இப்போது. பரிசோதனை சரியாக இருந்தாலும், படியேறினால் மூச்சு வாங்கும் உடம்பு மலைக்குத் தயாராக ஒரு மாதம் போதாது. படபடப்பு முழுதும் நின்று ஒரு வாரமான பிறகு, மருத்துவர் சரி என்றால், சமதளத்தில் பதினைந்து நிமிடம் நடங்கள். மறுநாள் காலை அசதி இல்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள், அசதி இருந்தால் இரண்டு நாள் விட்டுப் பழைய அளவுக்கே திரும்புங்கள். ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்து, இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்த பிறகு ஒரு சிறிய குன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் முறை மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

அந்தக் குன்றுக்குக் கிளம்பும் முந்தைய நாள் மாலை தோழிக்கு ஒரு போன் போடுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, "நாளைக்கு என் நடை தளர்ந்தால், நான் முடியும் என்று சொன்னாலும் கேட்காதே, என்னைத் திருப்பிவிடு" என்று சொல்லுங்கள். அவரும் உங்களிடம் அதையே சொல்லட்டும்.

மருத்துவரைப் பார்த்தபின் ஈ.சி.ஜி. என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். நாளையிலிருந்து ஐந்து நாள் காலை நாடியை எண்ணி, அந்த ஐந்து எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.